கிளீன்ரூம் கரண்ட் பில்: மோட்டாரை மாற்றுமுன் காற்றைக் குறையுங்கள்

மருந்துத் தொழிற்சாலையின் கிளீன்ரூமில், அதாவது காற்றிலுள்ள துகள்களை வரம்புக்குள் வைக்கும் அறையில், மின்செலவைக் குறைக்கப் பேச்சு எடுத்தாலே முதலில் மேசைக்கு வருவது மின்னணுக் கட்டுப்பாட்டில் ஓடும் சிக்கன மோட்டாரான இசி மோட்டாருக்கான கொட்டேஷன்தான். ஏ.ஹெச்.யூ.வில் (காற்றை வடிகட்டிக் குளிர்வித்து அறைக்கு அனுப்பும் இயந்திரம்) பெல்ட் புளோயரைக் கழற்றிவிட்டு, பெல்ட் இல்லாமல் நேரடியாக ஓடும் இசி பிளக் ஃபேன் மாட்டினால் இவ்வளவு சதவீதம் மிச்சம் என்பார்கள். மிச்சமாவது உண்மைதான். ஆனால் தேவையே இல்லாத காற்றை நல்ல மோட்டார் வைத்துச் சுற்றினாலும் அது வீண்தான். முதலில் காற்றின் அளவு, அடுத்து ஃபில்டரைத் தாண்டுவதில் காற்றுக்கு ஆகும் அழுத்த இழப்பு, கடைசியில் மோட்டார் என்ற வரிசையில் போனால் வாங்கவேண்டிய மோட்டாரே சின்னதாகிவிடும்.

கணக்கு எளிது. விநாடிக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்பதை ஃபேன் தாண்டவேண்டிய மொத்த அழுத்தத்தால் பெருக்கி, ஃபேன், பெல்ட், மோட்டார், வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) எல்லாம் சேர்ந்த திறனால் வகுத்தால் வாட் வந்துவிடும். 10 மீட்டருக்கு 8 மீட்டர், உயரம் 3 மீட்டர் உள்ள ஒரு கிரேடு சி அறையை (தூய்மையில் ஏ முதல் டி வரையான தரங்களில் மூன்றாவது) எடுத்துக்கொள்வோம். 240 கன மீட்டர். மணிக்கு 40 ஏர் சேஞ்ச், அதாவது அறைக் காற்று மணிக்கு 40 தடவை மாறவேண்டும் என்றால் 9,600 கன மீட்டர், அதாவது விநாடிக்கு 2.67. மொத்த அழுத்தம் 1,500 பாஸ்கல், திறன் 0.55 என்று வைத்தால் 7.3 கிலோவாட். நாள் முழுக்க ஓடுவதால் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 64,000 யூனிட். ஃபேன் தின்னும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுக்கக் கடைசியில் காற்றில் சூடாகத்தான் சேரும். அதை எடுக்கவே 2 டன் குளிரூட்டல் வேண்டும். சில்லர், பம்ப், கூலிங் டவர் சேர்த்து டன்னுக்கு 1 கிலோவாட் என்றாலும் இன்னொரு 2 கிலோவாட்.

அந்த 40 எங்கிருந்து வந்தது என்று தேடிப்பார்த்தால் பெரும்பாலும் பழைய டிசைன் தாளில்தான் போய் நிற்கும். 2022-இல் வந்த ஐரோப்பிய ஜி.எம்.பி. (மருந்து உற்பத்தி நெறிமுறை) அனெக்ஸ் 1, கிரேடு சி-க்கு ஏர் சேஞ்ச் எண் எதையும் சொல்லவில்லை. துகள் வரம்பைச் சொல்கிறது. வேலை முடிந்தபின் 20 நிமிடத்துக்குள் அறை ஓய்வுநிலை வரம்புக்குத் திரும்பவேண்டும் என்று ஒரு வழிகாட்டு மதிப்பையும் தருகிறது. ஐ.எஸ்.ஓ. 8 (துகள் அளவை வைத்துப் பிரித்த ஒரு தூய்மை வகுப்பு) துணை அறைகளுக்கு மணிக்கு 20 ஏர் சேஞ்ச் பொதுவாகப் போதும் என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் 2004 வழிகாட்டுதல். கிளீன்ரூம் மின்சிக்கனத்துக்கென்றே ஐ.எஸ்.ஓ. 14644-16 என்ற தரநிலை 2019-இலேயே வந்துவிட்டது. காட்டுவதற்குத் தாள் இல்லை என்ற சாக்கு இனி எடுபடாது. வாடிக்கையாளர் ஒப்பந்தத்திலோ உங்கள் சந்தையின் விதியிலோ குறைந்தபட்ச எண் எழுதியிருந்தால் மட்டும் அதற்குக் கீழே போகாதீர்கள்.

எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு ரிகவரி டெஸ்ட்டே, அதாவது துகள் கூடிய அறை எவ்வளவு நேரத்தில் தூய்மைக்குத் திரும்புகிறது என்று பார்க்கும் சோதனையே அளவுகோல். காற்று நன்றாகக் கலக்கிறது என்று கொண்டால், துகள் நூறில் ஒன்றாகக் குறைய ஆகும் நேரம் 4.6-ஐ ஏர் சேஞ்சால் வகுத்தால் வரும் மணிநேரம். 40-க்கு 7 நிமிடம், 28-க்கு 10 நிமிடம், 20-க்கு 14 நிமிடம். அறையில் காற்று தேங்கும் மூலை இருந்தால் இதைவிடக் கூடும். ஆகவே துகள் கவுண்டரை அறை நடுவில் வைத்து நல்ல எண் வாங்கிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. ரிட்டர்ன் கிரில் இல்லாத மூலையில், மேசை உயரத்தில் வையுங்கள். கூடவே கடந்த இரண்டு ஆண்டு மானிட்டரிங் பதிவுகளையும் எடுங்கள். வேலை நடக்கும்போது கிரேடு சி-யில் 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்களின் வரம்பு கன மீட்டருக்கு 35,20,000. ஷிஃப்ட் மாறும் நேரம், ஆள் அதிகமான நேரம் உட்பட உங்கள் எண் அதற்கு வெகு கீழேயே இருந்தால் குறைக்க இடம் இருக்கிறது.

40-ஐ 28 ஆக்கினால் காற்று 30 சதவீதம் குறையும். ஃபேன் விதிப்படி மின்சாரம் 0.7-இன் கனம் (0.7 × 0.7 × 0.7), அதாவது மூன்றில் ஒரு பங்கு என்று விற்பனைத் தாள்கள் சொல்லும். அப்படியே நம்பவேண்டாம். டக்ட், குளிர்விக்கும் காயில் ஆகியவற்றின் இழப்புதான் காற்றளவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஹெப்பா என்ற நுண்துகள் ஃபில்டரின் ஊடகத்தில் காற்று மிக மெதுவாகப் போவதால் அங்கே இழப்பு நேர்விகிதத்தில்தான் இறங்கும். குறைந்த சுமையில் மோட்டார் திறனும் கொஞ்சம் சரியும். நம் அறையில் 7.3 கிலோவாட் 2.5-க்கு வராது, 3 பக்கம் நிற்கும். அந்த மிச்சமே ஆண்டுக்கு 37,000 யூனிட்டுக்கு மேல். ஒன்று முக்கியம்: டக்டில் நிலையான அழுத்தத்தைப் பிடித்து வி.எஃப்.டி.யை ஓட்டும் ஏற்பாடு இருந்தால், டேம்பரை (டக்டில் காற்றைத் தடுக்கும் கதவு) மூடிக் காற்றைக் குறைப்பதில் பெரிதாக மிச்சமில்லை. அழுத்த செட் பாயின்ட்டை இறக்கி, டேம்பர்களைத் திறந்துவிட்டுக் குறைக்கவேண்டும்.

குறைக்கும்போது தவறு நடப்பது பெரும்பாலும் அறை அழுத்தத்தில். சப்ளையை மட்டும் இறக்கிவிட்டு டஸ்ட் கலெக்டரும் எக்ஸாஸ்ட்டும் பழையபடி இழுத்துக்கொண்டிருந்தால் அறை நெகட்டிவ் ஆகி, காரிடார் காற்று உள்ளே வரும். ஒரு தடவைக்கு 5 சதவீதம் இறக்குங்கள், ரிட்டர்ன் டேம்பரைச் சரிசெய்யுங்கள், எல்லாக் கதவுகளையும் மூடிவைத்து அழுத்த வித்தியாசம் காட்டும் மேக்னஹெலிக் மீட்டரின் முள் நிலைக்கும்வரை பொறுங்கள், பிறகு அடுத்த 5. வேறு கிரேடு அறையோடு வித்தியாசம் 10 பாஸ்கலுக்குக் கீழே போகக்கூடாது. அறையின் வெப்பச் சுமை 10 கிலோவாட் என்றால், 40-ஐ 28 ஆக்கும்போது சப்ளை காற்றுக்கும் அறைக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் 3.1 டிகிரியிலிருந்து 4.4 ஆகும். ரீஹீட் போட்டு, அதாவது குளிர்வித்த காற்றை மறுபடி சூடாக்கி ஓட்டுகிற அறையில் இது லாபம்; ஹீட்டர் வேலை குறையும்.

அழுத்தத்தை மேலே ஏற்றி வைப்பதும் செலவுதான். கசிவு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பப் போகும். தேவையில்லாமல் 30 பாஸ்கல் வைத்த அறையை 15-க்கு இறக்கினால் கசிவு 30 சதவீதம் குறையும், அந்த அளவுக்கு வெளிக்காற்றும் குறையும். சென்னை மாதிரி ஊரில் வெளிக்காற்றுதான் மிகவும் விலையுள்ள காற்று. 34 டிகிரி, கிலோவுக்கு 20 கிராம் ஈரம் உள்ள காற்றை 12 டிகிரிக்குக் குளிர்வித்து உலர்த்த, மணிக்கு 1,000 கன மீட்டருக்கு 4.5 டன்னுக்கு மேல் வேண்டும். கதவடி சீல், சீலிங் பேனல் இடுக்கு, லைட் ஃபிட்டிங் ஓரம் ஆகியவற்றுக்கு ஒரு நாள் சிலிக்கோன் துப்பாக்கியோடு ஆள் விட்டால் அந்தச் செலவு சீக்கிரம் திரும்பும்.

ஃபில்டருக்கு வருவோம். பாக் ஃபில்டர் ஒன்றில் மணிக்கு 3,400 கன மீட்டர் போகிறது, திறன் 0.5 என்றால், சராசரி இழப்பில் கூடும் ஒவ்வொரு 100 பாஸ்கலும் ஆண்டுக்கு சுமார் 1,650 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 13,000 ரூபாய்க்கு மேல். ஃபில்டர் விலையை அதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இன்னும் தாங்கும் என்று 450 பாஸ்கல் வரை இழுப்பது யாருக்கும் மிச்சமில்லை. முன்ஃபில்டர்களைக் காலத்தில் மாற்றினால் அறைக் கூரையில் இருக்கும் ஹெப்பாவின் இழப்பு ஆண்டுக்கணக்கில் அசையாது. அதனால்தான் அதை வாங்கும்போதே தொடக்க இழப்பு குறைவானதாக, மடிப்பு ஆழமானதாக வாங்கவேண்டும். ஹெச்14 தர ஃபில்டர் போதுமான இடத்தில் அதைவிட நுண்ணிய யூ15 போடுவது வெறும் கௌரவச் செலவு.

ஃபேனும் ஃபில்டரும் ஒரே பெட்டியாகக் கூரையில் மாட்டும் ஃபேன் ஃபில்டர் யூனிட் போட்ட அறைகளில் மட்டும் மோட்டார் பேச்சு வலுக்கிறது. 1200-க்கு 600 மில்லிமீட்டர் அளவுள்ள யூனிட், விநாடிக்கு 0.45 மீட்டர் காற்று வேகத்தில், ஏசி மோட்டாரோடு பொதுவாக 150 முதல் 200 வாட் இழுக்கும்; இசி அதில் பாதி அளவில் நிற்கும். வேகத்தை இறக்க இறக்க வித்தியாசம் கூடும், ஏனென்றால் டிரையாக் ரெகுலேட்டரில் வேகம் குறைத்த ஏசி மோட்டார் காற்றைக் குறைக்குமே தவிர சூட்டை அந்த அளவு குறைக்காது. மிகத் தூய்மையான கிரேடு ஏ பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள். 0.36 முதல் 0.54 வரையான வழிகாட்டு வேகத்தின் கீழ் ஓரத்தில் ஓட்டினால் காற்று வேகம் அளக்கும் அனிமோமீட்டரின் பிழையே உங்களை வெளியே தள்ளிவிடும். பரப்பும் சின்னது, மிச்சமும் சின்னது.

முன்னும் பின்னும் அளக்க கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பார்த்துப் பெருக்காதீர்கள். பவர் ஃபேக்டர் சுமையோடு மாறும். வி.எஃப்.டி.யின் வெளிப்பக்கத்தில் சாதாரண மீட்டர் தப்பாகக் காட்டும். உள்வரும் பக்கத்தில் பவர் அனலைசர் வைத்து ஒரு வாரம் கிலோவாட் பதியுங்கள். சேஞ்ச் கன்ட்ரோலை (மாற்றத்துக்கு ஒப்புதல் வாங்கும் ஆவணம்) ஆண்டு மறுதகுதிச் சோதனைக்கு ஒரு மாதம் முன்பே எழுதிவிட்டால், பி.ஏ.ஓ. எண்ணெய்ப் புகை விட்டு ஃபில்டரில் கசிவு பார்க்கும் சோதனைக்கும் துகள் எண்ணிக்கைக்கும் எப்படியும் வருகிற அதே ஆட்களே புதிய காற்றளவில் ரிகவரி டெஸ்ட்டையும் முடித்துக் கொடுத்துவிடுவார்கள்.