பாதரசத்தை ‘ஏன் நீர்மம்?’ என்ற கேள்வியிலிருந்து படியுங்கள்

டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு)-க்கு வேதியியல் படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு இதை எழுதுகிறேன். பாதரசம் என்றால் கைடில் நாலு வரிதான் இருக்கும்: அணு எண் 80, உருகுநிலை மைனஸ் 38.8 டிகிரி செல்சியஸ், கொதிநிலை 357 டிகிரி, அடர்த்தி 13.6. இவை வேண்டியவைதான். ஆனால் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து படித்த நாட்களில் எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு கேள்வி: உலோகமாக இருந்தும் இது ஏன் ஓடுகிறது?

தனிம அட்டவணையில் பாதரசம் இருக்கும் 12-ஆம் தொகுதியை மேலிருந்து பாருங்கள். துத்தநாகம் 419 டிகிரியில் உருகும், காட்மியம் 321-இல். அடுத்த படியில் சடாரென்று பூஜ்யத்துக்கும் கீழே! 80 புரோட்டான் இழுக்கிற இழுப்பில், கருவுக்கு மிக அருகிலுள்ள 1எஸ் எலெக்ட்ரான் ஒளிவேகத்தில் சுமார் 58 சதவீத வேகம் எடுக்கிறது (80-ஐ 137-ஆல் வகுத்தால் போதும்). அந்த வேகத்தில் சார்பியல் விளைவு, அதாவது எலெக்ட்ரானின் நிறை கூடியதுபோல் ஆவது, தலைகாட்டும். எஸ் ஆர்பிட்டால்கள் சுருங்கும். வெளியே இருக்கும் 6எஸ் சோடியும் கருவின் பிடிக்குள் போய்விடும். பக்கத்து அணுவோடு பகிர எலெக்ட்ரான் எளிதில் வராததால் உலோகப் பிணைப்பு நலிந்துபோகிறது.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை வரிசையாக வரும். முதல் அயனியாக்கும் ஆற்றல் மோலுக்கு 1007 கிலோஜூல்; துத்தநாகத்துக்கு 906 தான். எலெக்ட்ரானை விட மனமில்லாத உலோகம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை எப்படி வெளியேற்றும்? நியம ஒடுக்க மின்னழுத்தம் பிளஸ் 0.85 வோல்ட். நைட்ரிக் அமிலம் ஆக்சிஜனேற்றி என்பதால் அதில் கரையும். அதன் ஆக்சைடைச் சூடாக்கினாலே உலோகம் பிரிந்துவிடும்; 1774-இல் பிரீஸ்ட்லி ஆக்சிஜனைப் பெற்றது இந்தச் சிவப்பு ஆக்சைடிலிருந்துதான்.

அடர்த்தியை எண்ணாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், கணக்குப் போடுங்கள். வளிமண்டல அழுத்தம் குழாயில் தாங்கும் பாதரசத்தின் உயரம் 76 செ.மீ. 13.6-ஆல் பெருக்கினால் 1033.6 செ.மீ, அதாவது தண்ணீர் என்றால் 10.3 மீட்டர். நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் ஆழக் கிணறுகளில் மோட்டாரை உள்ளே இறக்கி மேடையில் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே இருந்து உறிஞ்சும் பம்பு அந்த உயரத்தைத் தாண்டாது, நடைமுறையில் அதற்கும் குறைவுதான். டாரிசெல்லியின் குழாயும் (பாதரசக் காற்றழுத்தமானி) நம்மூர்க் கிணறும் ஒரே கணக்கு.

மெர்குரஸ் அயனியில் பலர் மதிப்பெண் விடுகிறார்கள். அது தனி அணு இல்லை. இரண்டு பாதரச அணுக்கள் பிணைந்து, சேர்ந்து இரண்டு நேர்மின்சுமை தாங்கும் அயனி. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படிக்கிறவர்களைக் கேட்டால் பூரம், வீரம் என்பார்கள். பூரம் மெர்குரஸ் குளோரைடு, வீரம் கொடிய நஞ்சான மெர்குரிக் குளோரைடு. வீரக் கரைசலில் ஸ்டேனஸ் குளோரைடு சேர்த்தால் முதலில் வெண்மையாகப் பூரம் வீழ்படியும், இன்னும் சேர்த்தால் சாம்பல் நிறத்தில் உலோகமே வந்துவிடும். ஒடுக்கம் இரண்டு படியாக நடப்பதைக் கண்ணால் பார்க்கிற சோதனை இது. வைவாவில் இதைச் சமன்பாட்டோடு சொல்லுங்கள்.

இரசக்கலவை (பாதரசம் வேறு உலோகத்தோடு சேர்ந்த கலவை) பற்றி: பாதரசம் இரும்போடு சேராது, அதனால் இரும்புக் குடுவையில் வைப்பார்கள். அவ்வளவு போதும்.

ஆய்வகத்தில் வெப்பமானி உடைந்தால் உருளும் துளிகளைத் தொட்டு விளையாடாதீர்கள், துடைப்பத்தாலும் கூட்டாதீர்கள். அறை வெப்பநிலையிலேயே ஆவியாகும், அந்த ஆவி நரம்பு மண்டலத்தைக் கெடுக்கும். சன்னலைத் திறந்து, தடித்த அட்டையால் துளிகளை ஒன்றாகத் தள்ளி, மூடியுள்ள புட்டியில் எடுத்து ஆய்வக உதவியாளரிடம் கொடுங்கள். இடுக்கில் போனதன்மேல் கந்தகத் தூளைத் தூவுங்கள். மெல்ல மெர்குரிக் சல்ஃபைடாக மாறி, ஆவியாவது குறையும்.