கத்பர்ட் ஐயர் இறங்கிய ஊர்

வட இங்கிலாந்தின் டர்ஹாம் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியதுமே, எதிர்க் குன்றில் மூன்று கோபுரங்களோடு பேராலயம் தெரியும். அத்தை கைப்பையை பெஞ்சில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "மாப்பிள்ளை, அம்புட்டு உசரத்துக்கா ஏறணும்?" என்றார்.

அத்தைக்கு 72 வயது. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் ஆலயத்தில் ஞானஸ்நானம், அங்கேயே கல்யாணம், இன்றைக்கும் அங்கேதான் ஞாயிறு ஆராதனை. மகளோடு நியூகாசிலில் இருக்க வந்தவர். கடையும் கடலும் பார்த்து அலுத்துப்போய், "ஒரு நல்ல கோயிலாக் காட்டுங்க" என்று கேட்டார். டர்ஹாம் கால் மணி நேரப் பயணம்தான். மாலை ஆராதனைக்கு முன்னால் சுற்றிப் பார்த்துவிடலாம் என்று மதியமே கிளம்பிவிட்டோம்.

ஸ்டேஷனிலிருந்து சரிவில் இறங்கி, வியர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, கல் பாவிய தெருவில் ஏற வேண்டும். ஆறு குன்றை ஏறக்குறைய முழுக்கச் சுற்றி வளைத்து ஓடுகிறது. கடைத்தெருவைக் கடந்து கொஞ்சம் ஒதுங்கினால் ஒரு சதுக்கம். அங்கே ஆறு துறவிகள் ஒரு சவப்பெட்டியைத் தோளில் சுமந்து போவது போன்ற வெண்கலச் சிலை இருக்கிறது. "நம்மூர் தசராவுக்குச் சப்பரம் தூக்குவாங்களே, அப்படியில்ல இருக்கு" என்றார் அத்தை. பெட்டிக்குள் யார் என்று கேட்டதும் அங்கேயே உட்கார்ந்து கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

பெட்டிக்குள் இருப்பவர் கத்பர்ட். ஏழாம் நூற்றாண்டுக்காரர். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இளைஞர், ஒரு தரிசனம் கண்டு மடத்தில் சேர்ந்தார் என்பார்கள். இரவெல்லாம் கடலில் கழுத்தளவு நீரில் நின்று ஜெபித்துவிட்டுக் கரையேறினால், நீர்நாய்கள் வந்து அவர் காலை ஊதிச் சூடேற்றுமாம். ஃபார்ன் தீவில் தனியாக இருக்கத்தான் அவருக்கு ஆசை. விடவில்லை, 685இல் பிஷப் ஆக்கிவிட்டார்கள். இரண்டே வருஷத்தில் பதவியை விட்டு அதே தீவுக்குத் திரும்பினார். 687 மார்ச் 20 அன்று அங்கேயே உயிர் பிரிந்தது. உடலை லிண்டிஸ்ஃபார்ன் தீவில் அடக்கம் செய்தார்கள். 11 வருஷம் கழித்துத் திறந்தால் உடல் அழியாமல் இருந்ததாம். தனிமைக்கு ஏங்கிய மனுஷனைத் தேடி அன்றிலிருந்து கூட்டம்தான்.

793இல் வைக்கிங் கொள்ளையர்கள் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடினார்கள். தாக்குதல் ஓயவில்லை. 875இல் துறவிகள் கத்பர்ட்டின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தீவை விட்டே கிளம்பினார்கள். ஏழு வருஷம் ஊர் ஊராக அலைச்சல். அப்புறம் செஸ்டர்-லி-ஸ்ட்ரீட்டில் (கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த பெயர்தான்) நூறு வருஷத்துக்கு மேல். 995இல் மறுபடியும் பயணம். வழியில் பெட்டி அசைய மறுத்தது, டன்ஹோம் என்ற இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று ஒரு துறவிக்குச் சொப்பனம் வந்தது என்பது ஐதீகம். அந்த இடம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வழியில் ஒரு பால்காரப் பெண், காணாமல் போன தன் பழுப்புப் பசுவை டன்ஹோம் பக்கம் பார்த்தீர்களா என்று இன்னொருத்தியிடம் கேட்க, இவர்கள் அவள் பின்னாலேயே போனார்களாம். பேராலயத்தின் வெளிச்சுவரில் அந்தப் பசுவும் பெண்களும் சிற்பமாக இருக்கிறார்கள்.

"அப்போ பெட்டியை இறக்கி வெச்ச எடத்துல உண்டான ஊருதானா இது?" என்றார் அத்தை. ஆமாம். பிஷப்பே கிட்டத்தட்ட ராஜாவாக ஆண்டது, எதிரே நிற்கும் கோட்டை, 1832இல் வந்த பல்கலைக்கழகம் எல்லாம் அந்தப் பெட்டிக்குப் பின்னால் வந்தவைதான்.

இப்போதுள்ள ஆலயத்துக்கு 1093இல் அஸ்திவாரம் போட்டு, நாற்பதே வருஷத்தில் பெரும்பகுதியை முடித்திருக்கிறார்கள். வடக்கு வாசல் கதவில் சிங்கம் போன்ற ஒரு வெண்கல முகம், வாயில் வளையம். இது நகல், அசல் உள்ளே அருங்காட்சியகத்தில். அந்தக் காலத்தில் கொலை செய்துவிட்டு ஓடி வந்தவன்கூட இந்த வளையத்தைத் தட்டிவிட்டால் 37 நாள் அடைக்கலம் உண்டு. அதற்குள் அவன் மன்னிப்பு வாங்க வேண்டும், இல்லை நாட்டை விட்டே போக வேண்டும். அத்தை வளையத்தைப் பிடித்துப் பார்த்தார், தட்டவில்லை.

உள்ளே போனதும் கண்ணில் படுவது தூண்கள்தான். சுற்றளவும் உயரமும் ஒரே அளவு, 6.6 மீட்டர். ஒன்றில் வளைவு நெளிவு, அடுத்ததில் வைர வடிவம் என்று ஆளுயரத்துக்கும் மேலே செதுக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். கையை வைத்தால் கல் ஜில்லென்றிருக்கும்.

பின்பக்கத் தரையில் ஒரு கறுப்புச் சலவைக்கல் கோடு. துறவிகள் காலத்தில் பெண்கள் அதைத் தாண்டி வரக்கூடாது. கத்பர்ட்டுக்குப் பெண்கள் என்றாலே ஆகாது என்று காரணம் சொல்லிவைத்திருந்தார்கள். எனக்கு இது அவர் தலையில் கட்டிய பழி என்றுதான் படுகிறது. எல்ஃப்ளேட் என்ற மடத்துத் தலைவி அவருக்கு நல்ல சிநேகம். சாகும்போது, வெர்கா என்ற இன்னொரு மடத்துத் தலைவி கொடுத்த துணியில்தான் தன்னைச் சுற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டவர் அவர். 1083இல் பழைய குருமாரை அனுப்பிவிட்டுப் புதிய துறவிகளைக் கொண்டுவந்தார்கள், பழையவர்களில் பலர் குடும்பஸ்தர்கள். பெண் வெறுப்புக் கதைகள் பெருகியது அதற்குப் பிறகுதான்.

நான் சொல்லி முடிப்பதற்குள் அத்தை அந்தக் கறுப்புக் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றார். "ஐயர் ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரு." எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குப் போதகர் என்றால் ஐயர். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவர் கத்பர்ட் ஐயர்தான்.

மேற்குக் கோடியில் பீட் என்ற துறவியின் கல்லறை. கத்பர்ட்டின் வாழ்க்கையை எழுதியவர், கிறிஸ்து பிறப்பை வைத்து ஆண்டைக் கணக்கிடும் பழக்கம் பரவக் காரணமானவர்களில் ஒருவர். 735இல் ஜாரோ மடத்தில் இறந்தவர். அவருடைய எலும்புகளைப் பிற்பாடு ஒருவர் அங்கிருந்து திருடிக்கொண்டு வந்து இங்கே சேர்த்திருக்கிறார்.

கத்பர்ட் இருப்பது பிரதான பீடத்துக்குப் பின்னால், சில படி ஏறி. ஒரு காலத்தில் பொன்னும் மணியும் பதித்த சமாதி, எட்டாம் ஹென்றி காலத்தில் அதை உடைத்துவிட்டார்கள். இப்போது தரையோடு தரையாக ஒரு வெறும் கல். அதில் அவர் பெயர் மட்டும். நான்கு மூலையிலும் மெழுகுவர்த்தித் தண்டுகள். 1827இல் திறந்தபோது எலும்புக்கூடும், நெஞ்சருகே பொன்னில் சிவப்புக் கல் பதித்த ஒரு சின்னச் சிலுவையும் இருந்தன. அந்தச் சிலுவையை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

அத்தை படியேறி வந்ததும் தயங்கினார். "நமக்குப் பரிசுத்தவான்களைக் கும்பிடுற வழக்கம் கெடையாதே மாப்பிள்ளை." கும்பிட வேண்டாம், சும்மா உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "தூக்கிட்டு வந்தவங்க பேரு எங்கயாச்சும் போட்டிருக்கா?" என்று கேட்டார். இந்தக் கல்லில் இல்லை. ஆனால் டர்ஹாமிலேயே துறவியாக இருந்த சிமியோன், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய சரித்திரத்தில் அவர்களில் சிலரின் பெயரைக் குறித்துவைத்திருக்கிறார் என்றேன். "அது போதும்" என்றார்.

மாலை ஆராதனைக்குப் பாடகர் குழுவுக்குப் பக்கத்திலேயே, பழைய மர இருக்கைகளில் இடம் கொடுத்தார்கள். அத்தைக்கு ஆங்கிலம் வராது. புரியாமல் சலித்துப்போவாரோ என்று எனக்கு உள்ளூர ஒரு பயம். சங்கீதம் பாடி முடித்து வேதபாடம் வாசித்தார்கள். அடுத்துப் பிள்ளைகள் குரலெடுத்ததும் பக்கத்தில் முணுமுணுப்புக் கேட்டது. "என் ஆத்துமா கர்த்தரை மகிமைப்படுத்துகிறது..." வேதாகமத்தில் மரியாள் பாடும் பாட்டு. அதற்கப்புறம், குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய சிமியோன் பெரியவரின் பாட்டு. ஆங்கிலேய மிஷனரிகள் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்து தமிழாக்கிய அதே ஜெப ஒழுங்கு! அடுத்தது என்ன வரும், எப்போது எழ வேண்டும், எங்கே ஆமென் எல்லாம் எனக்கு முன்பே அத்தைக்குத் தெரிந்திருந்தது. கடைசி வரை கையிலிருந்த தாளைத் திறக்கவே இல்லை.

வெளியே இருட்டிவிட்டது, தூறல் வேறு. குடையை விரித்துக்கொண்டே, "சிமியோன் பாட்டை மட்டும் ரொம்ப இழுத்துட்டாங்க, மாப்பிள்ளை" என்றார்.