ரெண்டு மிதி

“பிரேக் பிடிக்குதாண்ணே?”

“ரெண்டு மிதி மிதிச்சா பிடிக்குது சார்.”

எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான். நான் அழுத்திச் சொன்னது ‘ரெண்டு மிதி’. விமானத்தை ஓட்டப்போன அவர் காதில் விழுந்தது ‘பிடிக்குது’. அழுத்தித்தான் சொன்னேனா என்பதே இப்போது சந்தேகம். விமான மெக்கானிக் வேலையை விட்டு, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்துக்கே வந்து வள்ளத்து இன்ஜின் பார்க்கிறேன், அந்தப் பேச்சு மட்டும் விடவில்லை.

செஸ்னா 152 என்ற சின்னப் பயிற்சி விமானத்தில் இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக்; அந்தந்தக் கால் பெடலின் மேல்நுனியை மிதிக்க வேண்டும். பெடலை மட்டும் மிதித்தால் மூக்குச் சக்கரம் எட்டரை டிகிரிதான் திரும்பும். மேலும் ஒடிக்க ஒருபக்கப் பிரேக் வேண்டும். தரையில் பிரேக்தான் பாதி ஸ்டியரிங். அன்று காலை இடது பெடல் பஞ்சாக அமுங்கியது. சக்கரத்தின் உள்பக்கம் சிவப்பாக ஒரு சொட்டு எண்ணெய். துடைத்தேன், எண்ணெய் நிரப்பினேன். அப்போதும் முதல் மிதி உள்ளே போய், இரண்டாவதுதான் நின்றது.

பழுது என்று எழுதினால் விமானம் அன்று நிற்கும். மாற்ற ஓ-ரிங், அதாவது கசிவை அடைக்கும் ரப்பர் வளையம், கையில் இல்லை, மாணவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுதாமல் விட்டேன். அவரும் கேட்டார், நானும் சொன்னேன்.

இறங்கியதெல்லாம் சுத்தமாகத்தான் இறங்கினார். இறங்கி, தரையில் ஓட்டித் திரும்பி வரும்போது பின்காற்று, கொஞ்சம் வேகம். இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்திருக்கிறார். வலது பிடித்தது, இடது அமுங்கிப் போனது. விமானம் வலப்பக்கம் வெட்டி, மூக்குச் சக்கரம் வடிகாலில் இறங்கி, ப்ரொப்பெல்லர் சிமென்ட் விளிம்பில் அடித்தது. ஆளுக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் ஓடுகிற ப்ரொப்பெல்லர் அடிபட்டால் இன்ஜினையே பிரித்தாக வேண்டும்; ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டின் விரிசல் வெளியே தெரியாது.

மெதுவாக வந்திருந்தால் இரண்டாவது மிதிக்கு நேரம் கிடைத்திருக்கும், அது அவர் கையில்தானே இருந்தது? இப்படிச் சொல்லிக்கொண்டுதான் படுப்பேன். அப்புறம், இரண்டு மிதி மிதிக்க வேண்டிய வண்டியை எந்த மெக்கானிக் வெளியே விடுவான் என்று விழிப்பு வரும். விசாரணையில் அவர், “பிடிக்குதுன்னு சொன்னார்” என்றார். பொய் சொல்லவில்லை. நானும் அதை மறுக்கவில்லை.

போன வாரம் ஒரு பையன் வள்ளத்தைக் கொண்டுவந்தான். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

“கியர் விழுகுதா மாமா?”

“ரெண்டு தடவ தட்டினா விழுகுது.”

வாயில் வந்த பிறகுதான் எனக்கே கேட்டது. கூப்பிடுவதற்குள் கிளம்பிவிட்டான். சாயங்காலம் வந்து, வாளியில் நாலு நீலக்கால் நண்டு வைத்துவிட்டுப் போனான்.