பக்கத்து சீட்டுக்காரர்

வேலை மாற்றலாகி யூட்டா மாநிலத்தின் லீஹை ஊருக்கு வந்த இரண்டாவது வாரம். அன்று டிகாக்‌ஷன் நன்றாக இறங்கியிருந்தது. ஃபில்டர் காபியை பிளாஸ்கில் கொண்டுபோய், பக்கத்து சீட்டில் இருந்த எங்கள் டீம் லீடுக்கு ஒரு கப்பில் ஊற்றி நீட்டினேன். வாங்கி முகர்ந்து பார்த்தார். "வாசனை பிரமாதம். ஆனால் நான் குடிப்பதில்லை, மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு, கப்பை ஓசைப்படாமல் என் மேசையில் வைத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. நம் வீட்டுக் காபியை ஒருவர் தொடாமல் வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஊரில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். நம் கையால் வாங்கிக் குடிக்க மாட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மாதம் அந்த நினைப்போடுதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வரும்போதே தலை நிறையச் செய்தி ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன், அதுதான் காரணம். நியூ ஜெர்சியில் கூட வேலை பார்த்த நண்பர்கள் வழியனுப்பும்போது, யூட்டாவில் நிறைய இருக்கும் மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையினரைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "அங்கே எல்லாரும் மார்மன்டா. ஆளுக்கு நாலு பொண்டாட்டி." "சட்டைக்குள்ளே ஏதோ மந்திர உள்ளாடை போட்டிருப்பாங்க." "சிரிச்சுச் சிரிச்சுப் பேசி ஆறே மாசத்துல உன்னையும் மாத்திடுவாங்க." "உளவுத்துறைக்கு ஆள் பிடிக்கிறதே அவங்ககிட்டதான்." "மலையைக் குடைஞ்சு உலகத்துல இருக்கற எல்லார் பெயரையும் சேர்த்து வச்சிருக்காங்க." இதில் ஒவ்வொன்றிலும் ஒரு துளி உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் நானே தள்ளியிருப்பேன்.

காபி விஷயம் தற்செயலாகத்தான் தெளிந்தது. ஜலதோஷம் என்று ஒருநாள் சுக்குமல்லிக் காபி கொண்டுபோயிருந்தேன். லீட் எட்டிப் பார்த்து, "இதிலும் காபி இருக்கிறதா?" என்றார். பெயரில் மட்டும்தான், உள்ளே சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி என்றேன். "அப்படியானால் எனக்குக் கொஞ்சம்" என்று தன் கப்பை நீட்டினார். குடித்து, காரம் தொண்டையில் இறங்கியதும் கண்ணில் நீர் முட்ட, இன்னொரு கப் கேட்டார். அப்புறம்தான் சொன்னார். அவர்கள் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1833-இல் தந்த உணவு நெறியின்படி மது, புகையிலை, தேநீர், காபி நான்கும் கூடாது. அவர் மேசையில் எந்நேரமும் ஒரு பெரிய டம்ளர் கோலா இருக்கும். கோலாவிலும் இருக்கும் காஃபீன் கூடாது என்றுதான் வெளியே பலரும் நினைக்கிறார்கள். அப்படித் தடை இல்லை என்று சபையே 2012-இல் தெளிவுபடுத்தியது. யார் கையால் என்பதெல்லாம் அவர் நினைப்பிலேயே இல்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அந்த மூன்று மாதத்தை எண்ணி வெட்கப்பட்டேன்.

அதிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். அவரும் எதையும் மழுப்பவில்லை.

நாலு பொண்டாட்டி விஷயத்தை அவரே எடுத்தார். அவருடைய கொள்ளுத் தாத்தாவின் அம்மா ஒரு வீட்டுக்கு இரண்டாம் தாரமாகப் போனவர். 1852-இல் சபை பலதார மணத்தை வெளிப்படையாக அறிவித்தது உண்மை. 1890-இல் அன்றைய தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப் அதை நிறுத்தும் அறிக்கையை வெளியிட்டார். யூட்டா மாநில அந்தஸ்து பெற்றது 1896-இல். அதற்குப் பிறகும் சிலர் ரகசியமாகத் தொடர்ந்ததால் 1904-இல் மறுபடி கண்டிப்பான அறிக்கை வந்தது. இன்று சபையில் இருந்துகொண்டு இரண்டாவது மணம் செய்தால் நீக்கிவிடுவார்கள். செய்திகளில் வரும் பலதாரக் குழுக்கள் பிரிந்துபோனவை. சிறுமிகளைச் சீரழித்ததற்காக 2011-இல் ஆயுள் தண்டனை பெற்ற வாரன் ஜெஃப்ஸ் அப்படி ஒரு குழுவின் தலைவர். அந்த ஆளின் பாவத்தை என் லீடின் தலையில் கட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

உள்ளாடை விஷயம் கஷ்டமானது. வேறு ஊர் அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஒருவர் மதிய உணவின்போது அதைச் சொல்லி உரக்கச் சிரித்தார். லீட் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தார். தலை நிமிரவில்லை. கையில் இருந்த சாண்ட்விச்சைத் திரும்பத் தாளில் சுற்றி, மடிப்பை விரலால் அழுத்தி அழுத்திச் சமன் செய்துகொண்டிருந்தார். அந்த விரல்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. ஆலயத்தில் கடவுளிடம் சொன்ன வாக்கு நினைவில் இருப்பதற்காக உடுத்துவது அது, வெளியாருக்குக் காட்டுவதற்கு இல்லை என்று பிறகு சொன்னார். சென்னையில் வேலை பார்த்தபோது நான் மாலை போட்டு, கறுப்பு வேட்டியோடு ஆபீஸ் போயிருக்கிறேன். அந்த நாற்பத்தெட்டு நாளும் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மாலை போட்டிருக்கிறார் என்றால் எல்லோருக்கும் புரியும். இவருக்கு அந்த ஒரு புரிதல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அன்று நான் எழுந்து அந்த ஆளை அடக்கியிருக்க வேண்டும். அடக்கவில்லை.

உளவாளிப் பேச்சு எங்கள் லீடையே தொட்ட கதை. பத்தொன்பது வயதில் மதம் பரப்பும் ஊழியத்துக்காக அவரை ஆப்பிரிக்காவின் கானாவுக்கு அனுப்பினார்கள். இந்தச் சபைப் பையன்கள் சொந்தச் செலவில் இரண்டு வருடம் அப்படிப் போவது வழக்கம். எந்த ஊர் என்று முடிவு செய்வது சபை. வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் பெயர்ப் பட்டை, எங்கே போனாலும் ஜோடியாகப் போவது, உள்ளூர் மொழியைச் சரளமாகப் பேசுவது. பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்! அமெரிக்க உளவு நிறுவனங்கள் வெளிநாட்டு மொழி தெரிந்த, குடிப்பழக்கம் இல்லாத இந்த இளைஞர்களை விரும்பி வேலைக்கு எடுப்பதும் உண்டு. ஆனால் ஊழியம் முடிந்து திரும்பிய சிலருக்கு அங்கே வேலை கிடைப்பது வேறு, ஊழியமே உளவு என்பது வேறு. 1989 ஜூனில் கானா அரசு சபையின் நடவடிக்கைகளை முடக்கியது. வெளிநாட்டு ஊழியர்கள் ஒரு வாரத்தில் வெளியேற வேண்டும் என்று உத்தரவு. தடை நீங்கியது அடுத்த ஆண்டு நவம்பரில். கானா தடை வருவதற்கு ஒரு மாதம் முன்பு, 1989 மே மாதம், பொலிவியாவின் லா பாஸ் நகரில் இரண்டு ஊழியப் பையன்களைத் தீவிரவாதக் குழு ஒன்று சுட்டுக் கொன்றிருந்தது. "அந்த வயதில் எனக்கு உளவு பார்க்கவும் தெரியாது, சோறு வடிக்கவும் தெரியாது" என்றார் லீட். பக்கத்து வீட்டு அம்மாள்தான் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாராம்.

மலைக் குகை உண்மை. சால்ட் லேக் சிட்டிக்குத் தெற்கே லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கில் கருங்கல் மலையைக் குடைந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகள். இருபத்து நான்கு லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்கள். அவற்றையெல்லாம் கணினியில் ஏற்றும் வேலை 2021-இல் முடிந்தது. ஹரித்வாரில் யாத்ரீகர்களுக்குச் சடங்கு செய்துவைக்கும் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவந்த வம்சாவளி ஏடுகளைக்கூடப் படமெடுத்திருக்கிறார்கள். நகரத்துக்குள் இருக்கும் அவர்களுடைய வம்சாவளி நூலகத்துக்கு யாரும் போகலாம், காசு கிடையாது. ஒரு சனிக்கிழமை லீட் என்னை அழைத்துப் போனார். "உங்கள் கொள்ளுத் தாத்தா பெயர் என்ன?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவர் தன் பக்கத்தில் எட்டுத் தலைமுறை சொன்னார்.

இவ்வளவு சேர்ப்பது எதற்கு? இறந்த முன்னோருக்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் பெறுவதற்கு. ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆத்மாவின் விருப்பம் என்பது அவர்கள் நம்பிக்கை. மகாளயத்தில் யாருமற்றவர்களுக்கும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் விடும் குடும்பத்தில் வந்த எனக்கு இது விசித்திரமாகப் படவில்லை. ஆனால் என் தாத்தா பெயரை யாராவது எடுத்துக்கொண்டால் என்று கேட்டேன். சொந்த முன்னோர் பெயர்களை மட்டுமே தர வேண்டும் என்பது விதி. விதி மீறப்பட்டதையும் அவரே சொன்னார். நாஜிக்களால் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களுக்கு ஞானஸ்நானம் நடந்து, யூத அமைப்புகள் கொதித்தெழுந்து, 1995-இல் நிறுத்துவதாக உடன்பாடு ஆனது. அதற்குப் பிறகும் பெயர்கள் புகுந்தன. டைரி எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் பெயரே 2012-இல் செய்தியானது. தாத்தா பெயரை நான் அங்கே எழுதவில்லை. லீடும் வற்புறுத்தவில்லை.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். சதிக் கதைகளிலேயே பொழுதைக் கழிப்பதால், கேட்க வேண்டியதை யாரும் கேட்பதில்லை. 1857 செப்டம்பரில் மவுண்டன் மெடோஸ் என்ற இடத்தில், கலிஃபோர்னியாவுக்கு வண்டி கட்டிப் போன சுமார் 120 பேரை மார்மன் படையினர் கொன்றது நடந்த விஷயம். அதற்கு முன் 1838-இல் மிசௌரி ஆளுநர் மார்மன்களை ஒழித்துக்கட்டவோ விரட்டவோ உத்தரவு போட்டதும், அது 1976 வரை ஏட்டில் இருந்ததும் நடந்தவைதான். கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் இல்லை என்று ஒதுக்கியது 1978 வரை நீடித்தது. பெயருக்கு வைத்த கம்பெனிகள் வழியாகப் பங்கு முதலீடுகளை மறைத்ததற்காக 2023-இல் சபையும் அதன் முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து 50 லட்சம் டாலர் கட்டின. இதற்கெல்லாம் ஆவணம் இருக்கிறது. குகை, மந்திரம் என்று பேசுகிறவர்களுக்கு இது எதுவும் தெரியாது.

அந்த 2023 செய்தி வந்த வாரம் லீடிடம் நேராகவே கேட்டேன். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை முப்பது வருடமாகத் தசமபாகம் கொடுப்பவர். பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். "எனக்கு வலித்தது" என்றார். அவர் கொடுப்பதை நிறுத்தவில்லை. இளைய மகன் நிறுத்திவிட்டான், சபையை விட்டும் விலகிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுவானாம். வரும்போது கையில் அவன் காபியும் வரும். இவர் அதை வாங்கி ஒருமுறை முகர்ந்துவிட்டு அவனிடமே திருப்பிக் கொடுப்பாராம்.