காலை ஆறேகால் மணிக்குத் தட்டும் ரேடியேட்டர்

மூன்று வாரமாக மேல்வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன், மனசுக்குள்ளேதான். காலை ஆறேகால் ஆனால் போதும், யாரோ சின்னச் சுத்தியலால் இரும்பைத் தட்டுகிற மாதிரி டக்டக்டக் என்று ஒரு சத்தம். பத்து நிமிஷம் விடாமல் தட்டிவிட்டுத் தானாக நின்றுவிடும். ஒருநாள் பொறுக்க முடியாமல் படியேறிப் போய்க் கதவைத் தட்டினால், அவரும் தூக்கம் கெட்ட முகத்தோடு வந்து நின்று, "நீங்கதானே தினமும் தட்டறீங்க?" என்கிறார்.

சத்தம் எங்கள் இருவர் வீட்டிலும் இல்லை. இரண்டு மாடிக்குக் கீழே இருந்தது.

பழைய கட்டிடங்களில் கீழ்த்தளத்தில் தண்ணீரைச் சூடாக்கும் ஒரு பாய்லர், அதிலிருந்து மாடிமாடியாக ஏறும் இரும்புக் குழாய்கள், ஒவ்வொரு வீட்டு ரேடியேட்டரும், அதாவது உள்ளே வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் இரும்புச் சாதனமும், அந்தக் குழாயில் தொங்கும். அத்தனை பேருக்கும் ஒரே தண்ணீர், ஒரே இரும்பு. அதனால் எங்கோ நடக்கிற தட்டல் உங்கள் தலைமாட்டில் கேட்கும். காதை நம்பாதீர்கள், ஒரு நீளமான ஸ்குரூடிரைவரை எடுத்து அதன் முனையைக் குழாயில் வைத்துக் கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொள்ளுங்கள். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்கிற மாதிரிதான். எந்த மாடியில் சத்தம் கனமாக இருக்கிறதோ அங்கேதான் கோளாறு. நானும் மேல்வீட்டுக்காரரும் இப்படி ஆளுக்கொரு ஸ்குரூடிரைவரோடு மாடிமாடியாக இறங்கியதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

இடத்தைக் கண்டுபிடித்தது ஸ்குரூடிரைவர் என்றால், காரணத்தைக் காட்டிக்கொடுத்தது கடிகாரம். எங்கள் பாய்லர் சூடேற ஆரம்பிப்பது ஐந்து மணிக்கு. குழாய் சூட்டில் விரிகிற சத்தமாக இருந்தால் ஐந்து மணிக்கே கேட்டிருக்க வேண்டும். இது ஒன்றேகால் மணி நேரம் கழித்து, அறை சூடாகி ரேடியேட்டரின் வால்வு மூடப்போகிற நேரத்தில் வருகிறது. விசாரித்தால், இரண்டு மாடி கீழே இருக்கும் அந்தக் கீழ்வீட்டில் கோடையில் பழைய வால்வைக் கழற்றிவிட்டு, அறைச் சூட்டுக்கேற்பத் தானாக மூடித் திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வு போட்டிருக்கிறார்கள். அதன் உடம்பில் ஒரு அம்புக்குறி இருக்கும், தண்ணீர் போகும் திசைக்கு. போட்டவர் அதைப் பார்க்கவில்லை போலிருக்கிறது, சூடான தண்ணீர் வரும் பக்கம் என்று நினைத்துத் திரும்பிப் போகும் பக்கத்தில் மாட்டிவிட்டார்.

இதில் என்ன நடக்கிறதென்றால், வால்வுக்குள் இருக்கும் தட்டைத் தண்ணீர் கீழிருந்து தள்ள வேண்டும். திசை மாறினால் மேலிருந்து அமுக்கும். வால்வு முழுக்கத் திறந்திருக்கும் வரை ஒன்றும் தெரியாது. முக்கால்வாசி மூடியதும் தண்ணீரின் வேகம் தட்டை டக்கென்று இழுத்து மூடும், ஸ்பிரிங் உடனே தூக்கிவிடும், மறுபடி மூடும். வினாடிக்குப் பல தடவை. முழுக்க மூடியதும் அமைதி. சந்தேகம் இருந்தால் சத்தம் வரும்போதே அந்த வால்வை முழுக்கத் திறந்து பாருங்கள், சட்டென்று நின்றால் ஆசாமி அவன்தான். இரண்டு திசைக்கும் ஒத்துவரும் வால்வுகள் கிடைக்கின்றன, அதைப் போட்டால் தீர்ந்தது. ஆனால் வால்வின் உடம்பைக் கழற்ற வேண்டுமென்றால் அந்தக் குழாயிலுள்ள தண்ணீரை மொத்தமாக இறக்க வேண்டும். பொதுக் கட்டிடத்தில் இதை நாமே செய்கிற வேலையாக நினைக்க வேண்டாம், கீழ்வீட்டுக் கூரை தாங்காது.

சரி, களக்களக் என்று ஓடை மாதிரி சத்தம் வந்தால்? அது காற்று. ரேடியேட்டரின் மேல்பாதி ஆறியும் கீழ்பாதி சூடாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். (கீழே ஆறி மேலே சூடாக இருந்தால் அது காற்று இல்லை, அடியில் துருச் சேறு படிந்திருக்கிறது.) மேல் மூலையில் சதுரத் தலையோடு ஒரு சின்னத் திருகு இருக்கும், அதற்கென்று ஒரு சாவி. தண்ணீர் ஓட்டம் நின்று ரேடியேட்டர் ஆறிய பிறகு, கீழே ஒரு கிண்ணம், சுற்றி ஒரு பழைய துணி, சாவியைக் கால் சுற்று மட்டும். உஸ்ஸென்று காற்று போகும், நடுவில் துப்பும், அப்புறம் மெல்லிய கம்பி மாதிரி தண்ணீர் வரும். உடனே மூடிவிட வேண்டும். தண்ணீர் மை மாதிரி கறுப்பாக வரும், வெள்ளைத் துணி வைத்தால் அதை மறந்துவிடுங்கள். அந்த இடத்தில் நெருப்பு வேண்டாம், உள்ளே இரும்பு அரித்தால் ஹைட்ரஜன் உண்டாகும்.

எங்கள் கட்டிடத்தில் ஒரு கூத்து நடந்தது. கடைசி மாடிக்காரர் வாராவாரம் காற்றை வெளியேற்றிக்கொண்டே இருந்தார், வாராவாரம் காற்று திரும்ப வந்தது. கணக்கு எளிது: 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கவே சுமார் 1 பார் அழுத்தம் வேண்டும். பாய்லரிலிருந்து மேல்மாடி 15 மீட்டர் என்றால் 1.5 பார் போய்விட்டது, அதற்கு மேல் கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் உச்சியில் அழுத்தம் மிஞ்சும். கீழே மீட்டரில் முள் 1.4-ல் நின்றது. ஒரே மாடி வீட்டுக்கு அது தாராளம், எங்களுக்குப் போதாது. அவர் திருகைத் திறக்கத் திறக்க அழுத்தம் இன்னும் குறைந்திருக்கிறது, குறையக் குறையக் காற்று இன்னும் சேர்ந்திருக்கிறது. பராமரிப்பவர் வந்து அழுத்தத்தை ஏற்றிய பிறகு ஒரே தடவை காற்றை எடுத்தார்கள், அதோடு சரி. ஆகவே திருகைத் தொடுவதற்கு முன்னாலும் பின்னாலும் பராமரிப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அடிக்கடி புதுத் தண்ணீர் ஏற்றுவதும் நல்லதல்ல, அதோடு ஆக்ஸிஜனும் வந்து துருவைக் கூட்டும்.

விசில் அடிக்கிற ரேடியேட்டர் தனி ரகம். வெயில் எட்டிப் பார்க்கிற நாளில் எல்லா வீட்டு வால்வும் மூடிக்கொள்ள, பம்ப் மட்டும் அதே வேகத்தில் தள்ள, திறந்திருக்கும் ஒன்றிரண்டு இடுக்கில் தண்ணீர் பீறிடும். ரேடியேட்டரின் மறுமுனையில் பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும் வால்வைக் கொஞ்சம் இறுக்கினால் உங்கள் அறையில் குறையும். உண்மையான வைத்தியம் கீழே பம்ப் இருக்கும் இடத்தில், எனவே குடியிருப்போர் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம்.

இணையத்தில் தேடினால் ரேடியேட்டரைச் சாய்த்து வை, அடியில் கட்டை கொடு என்று வரும். அது நீராவி ரேடியேட்டருக்கு. நம்முடையது வெந்நீர், அதைச் சாய்த்துத் தட்டலை நிறுத்த முடியாது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கட்டை செதுக்கிய பிறகு இது தெரிந்தது.

கீழ்வீட்டு வால்வு போன மாதம் மாறியது, ஆறேகால் மணித் தட்டல் போயிற்று. இப்போதுதான் ஐந்து மணி டிக் டிக் காதில் விழுகிறது. அது குழாய் விரிகிற சத்தம்: 10 மீட்டர் இரும்புக் குழாய் 20 டிகிரியிலிருந்து 70-க்கு ஏறினால் 6 மில்லிமீட்டர் நீளும், நீள்கிறபோது தன்னைத் தாங்கும் கொக்கியில் உரசி உரசித் தாவும். கொக்கிக்கும் குழாய்க்கும் நடுவே கம்பளித் துணித் துண்டு செருகினேன், பாதி அடங்கிவிட்டது. மீதி, குழாய் தரையைத் துளைத்து இறங்கும் இடத்தில். அங்கே பல வருஷப் பெயிண்டும் சிமெண்டும் சேர்ந்து குழாயைக் கவ்விக்கொண்டிருக்கின்றன. குளிர் முடிந்து பாய்லரை அணைத்ததும் ஒரு மெல்லிய உளியோடு உட்கார வேண்டும். மேல்வீட்டுக்காரர் விளக்குப் பிடிக்க வருகிறேன் என்றிருக்கிறார்.