படம் வராத நாட்களுக்கு ஒரு கத்தரிக்காய், ஒரு எலுமிச்சை

வாட்டர்கலர் தொடர்ந்து சொதப்பினால் “நமக்குக் கை வரவில்லை” என்று சலித்துக்கொள்வது வழக்கம். கோளாறு பெரும்பாலும் கையில் இல்லை. கோடு, டோன் (வெளிச்சம், இருட்டின் அளவு), நிறம், விளிம்பு என நான்கையும் தாள் காய்வதற்குள் ஒன்றாகச் சமாளிக்கப் பார்க்கிறோம், எது கெடுத்தது என்றே பிடிபடுவதில்லை. ஸ்டடியில், அதாவது பயிற்சிக்காகப் போடும் சிறு படத்தில், ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை ஓரம் கட்டுகிறோம்.

எதை எடுப்பது? கெட்டுப்போன படத்தைப் போனில் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் டோன்தான் நோய். அநேகமாக அப்படித்தான் இருக்கும்.

22க்கு 30 அங்குல 300 ஜிஎஸ்எம் (தாளின் கனம்) காட்டன் தாளை 16 துண்டாக்குங்கள். பழைய படங்களின் முதுகுப்பக்கமும் ஆகும். மலிவுத் தாள் வேண்டாம். அதில் வாஷ் (நீர் கலந்த வண்ணப் பூச்சு) திட்டுத்திட்டாக நிற்கும், அந்தப் பழியையும் நாமே சுமப்போம். வண்ணம் ஒன்றே ஒன்று: பேய்ன்ஸ் கிரே என்ற நீலம் கலந்த அடர் சாம்பல். காய்ந்ததும் நன்றாக வெளிறும் நிறம் என்பதால், ஈரத்தில் ஒரு படி கூடுதலாகவே போட வேண்டும். முதலில் டோனுக்கு ஐந்து கட்டம்: 1 என்பது வெறும் தாள், 5 என்பது டியூப் வண்ணத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர், நடுவில் மூன்று படிகள்.

ஊதாக் கத்தரிக்காயையும் மஞ்சள் எலுமிச்சையையும் வெள்ளைத் தாளின் மேல் ஜன்னலோரம் வையுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், கத்தரிக்காயில் வெளிச்சம் படும் பக்கம்கூட எலுமிச்சையின் நிழல் பக்கத்தைவிட இருட்டு. மனசு இதை ஒப்புக்கொள்ளாது. வெளிச்சப் பக்கம்தானே என்று கத்தரிக்காயை 2ல் விட்டுவிடுவோம், படம் அங்கேயே செத்துவிடும். எலுமிச்சை 2, 3க்குள் அடங்கும். கத்தரிக்காய்க்கு 4, 5. அதன் மினுக்கு மட்டும் வெள்ளை.

மினுக்கையும் தரையின் வெளிச்சத்தையும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் 2ம் டோன். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. காய்ந்தபின் எலுமிச்சையின் நிழல் பக்கத்தையும் தரையில் விழும் நிழலையும் ஒரே வாஷாக 3ல் இணையுங்கள். அதுவும் காய்ந்தபின் மினுக்கு தவிர கத்தரிக்காய் முழுக்க 4. ஈரத்தின் பளபளப்பு மங்கத் தொடங்கும் நேரத்தில் நிழல் பக்கத்தில் 5ஐ விடுங்கள். பிரஷில் இருப்பது தாளில் இருப்பதைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். நீர்த்த பிரஷை வைத்தால் தண்ணீர் பரவி வண்ணத்தை ஒதுக்கித் தள்ளும், காலிஃபிளவர் மாதிரி விளிம்பு கட்டிவிடும். அதைத் தேய்த்துச் சரிசெய்யப் போகாதீர்கள். அடுத்த துண்டை எடுங்கள். காயும் நேரம் போக 20 நிமிடம் தாராளம்.

டோன் பிடிபட்டபின் அதே காட்சியை அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா பழுப்பு இரண்டால் மட்டும் போடலாம். மஞ்சளும் ஊதாவும் வராது, வர வேண்டியதும் இல்லை. தேலோ நீலத்தை மட்டும் இப்போது தொடாதீர்கள்: துளி போதும், கலவையையே விழுங்கிவிடும், தாளிலும் கறையாகப் பிடித்துக்கொள்ளும்.

1821, 1822ல் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட்டில் ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் தாளில் எண்ணெய் வண்ணத்தால் மேகம் மேகமாகப் போட்டுத் தள்ளினார். பலவற்றின் பின்புறம் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் குறித்திருக்கிறார். நீங்களும் பின்பக்கம் எழுதுங்கள். “நல்லா வரல” என்று எழுதுவதால் பிரயோஜனமில்லை. “எலுமிச்சை நிழல் 3க்குப் பதில் 4” என்று எழுதுங்கள். ஒரே குறிப்பு திரும்பத் திரும்ப வந்தால் அடுத்த ஸ்டடி எதற்கு என்று தெரிந்துவிடும். அந்தக் குறிப்பு நின்றபின் பெரிய தாளுக்குப் போகலாம், அதற்கும் உள்ளங்கை அகலத்தில் மூன்று டோனில் ஒரு முன்வரைவு போட்டுவிட்டு.