சிவப்பு அட்டையும் முதல் அரசாங்கமும்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் குடியுரிமை மனுக்களை நிரப்பிக் கொடுப்பது என் வேலை. நம் நாட்டின் முதல் அரசாங்கத்துக்கு எது பெரிய தலைவலி என்று கேட்டால், எங்கள் ஊரில் பலரும் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியைத்தான் சொல்வார்கள். 1948 ஜூன் 16 அன்று இங்குள்ள தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அவசரகாலம் பிறந்தது. அது 1960 வரை நீடித்தது. ஆனால் என் மேசைக்கு வரும் காகிதங்களைப் பார்க்கப் பார்க்க, யார் இந்த நாட்டுக் குடிமக்கள் என்பதுதான் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானின் அரசாங்கத்துக்கு அதைவிடப் பெரிய சிக்கல் என்று தோன்றுகிறது.

1946-ல் பிரிட்டிஷார் கொண்டுவந்த மலாயன் யூனியன் என்ற ஆட்சித் திட்டம் குடியுரிமையைத் தாராளமாகத் திறந்தபோது மலாய்க்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். இரண்டே வருடத்தில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அந்தக் கோபம் ஆறாத காலத்தில்தான் சுதந்திரத்துக்கான பேரம் நடந்தது. மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையும் மலாய் தேசிய மொழியாவதும் ஒரு பக்கம், தளர்ந்த குடியுரிமை விதிகள் மறுபக்கம். அன்றைய விதிப்படி 1957 ஆகஸ்ட் 31 முதல் இங்கே பிறந்தவர்கள் குடிமக்கள். அதற்கு முன் இங்கே பிறந்தவர்கள் முந்தைய ஏழு வருடங்களில் ஐந்து வருடம் வாழ்ந்திருந்தால் பதிந்துகொள்ளலாம். முதல் ஓராண்டுக்கு மொழித் தேர்வும் இல்லை. அன்றைய சூழலில் இதைச் சாதித்தது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் சட்டம் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்கு நடந்து வரவில்லை. விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போகிறவர்கள் ஒரு நாள் டவுனுக்குப் போனால் அன்றைய சம்பளம் போச்சு. தோட்டத்து எழுத்தரான கிராணி பார்த்துக்கொள்வார் என்று இருந்தவர்கள் உண்டு, எப்படியும் இந்தியாவுக்கு, சொந்த ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று இருந்தவர்களும் உண்டு. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, அவர்களில் பலர் கப்பலேற வேண்டியதாயிற்று.

அண்மையில் ஒரு பாட்டி வந்தார். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையில் ஒரு பெயர், திருமணப் பதிவில் வேறு எழுத்து, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் இன்னொன்று. கிராணிமார் காதில் விழுந்தபடி எழுதியது.

"பாட்டி, எங்கே பிறந்தீங்க?"

"பால் ஸ்டோருக்குப் பின்னால இருந்த லயம், தம்பி. இப்போ அங்கே செம்பனைதான் நிக்குது."

அந்தத் தோட்டம் கைமாறி, சிறு துண்டுகளாகப் பிரித்து விற்கப்பட்டது. தொழிலாளர் பெயரும் சம்பளமும் பதிந்த செக்ரோல் புத்தகங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. தோட்டங்களின் இந்தத் துண்டாடலும் அந்த முதல் அரசாங்கத்தைத் துரத்திய பிரச்சினைதான். எங்கள் ஊர்க்காரரான துன் சம்பந்தன் அமைச்சராக இருந்தபோதே 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டம் வாங்க வைத்தார். கெடாவின் புக்கிட் சிடிம்தான் முதல் தோட்டம். அவர் காப்பாற்றியது நிலத்தை மட்டுமல்ல என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. தோட்டம் நிலைத்தால் பதிவேடும் நிலைக்கும், நமக்காகச் சாட்சி சொல்ல அக்கம்பக்கமும் இருக்கும்.

பாட்டிக்குச் சத்தியப்பிரமாணம் செய்ய, அதே லயத்தில் வளர்ந்த இருவரைத் தேடிப் பிடித்தோம். மனு போய்விட்டது, இனி மொழித் தேர்வு. பாட்டி சந்தையில் மலாயில் சரளமாகப் பேரம் பேசுவார், எழுதப் படிக்கத்தான் தெரியாது. 1957-க்கு முன் இங்கே பிறந்து, இன்னும் சிவப்பு அட்டையோடு இருக்கும் முதியவர்களுக்கு அந்த முதல் ஓராண்டுச் சலுகையை மறுபடியும் திறந்துவிட வேண்டும்.